மரங்கள் வெளுத்த மதியம்

எனக்குப் பஸ்ஸில்கூட ஜன்னலோரம் உட்காரப் பயம், ஐயா. மலையடிவாரம் காரவள்ளியில் ஏறிக் கண்ணை மூடினால், வளைவுகளெல்லாம் முடிந்த பிறகுதான் திறப்பேன். பயந்தாங்கொள்ளிக்குப் பார்த்துக் கொல்லிமலையில் உத்தியோகம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஆபீஸில் கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த வித்யாஸ்ரீ விமானம் ஓட்டப் படிக்கப் போனாள். தாயில்லாப் பிள்ளை, எனக்கு வேறு யாருமில்லை. அவள் பறக்கும் நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

கொல்லிமலைப் பக்கம் பயிற்சி என்றால் காற்றைப் பற்றி என்னிடம்தான் கேட்பாள். காற்று இருந்தால் மலையைச் சுற்றிப் போவார்கள். இல்லாவிட்டால் நேராகக் கடப்பார்கள். மேற்கிலிருந்து வரும் காற்று முகட்டைத் தாண்டியதும் கீழே சரியும், எதிரே சின்ன விமானம் வந்தால் அதையும் சேர்த்து அமுக்கிவிடும் என்று எனக்கு விளக்கியவளே அவள்தான். அதன் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை. வந்துவிடு என்று கெஞ்சினேன். சிரித்தாள்.

அது ஆடி மாதம். அன்று பறக்க வேண்டியவன் அவளோடு படித்த சுரேந்தர். அவனுக்காகத்தான் போன் செய்தாள்.

"மேல காத்து எப்படிங்கப்பா?"

ஜன்னலுக்கு வெளியே மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் இலையெல்லாம் புரண்டு வெள்ளை வெளேரென்று நின்றன. எங்கள் ஆபீஸ் கூரைத் தகரம் அன்றுதான் பறந்தது, நீங்களும் விசாரித்திருப்பீர்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தெரியாதவனா நான்? சத்தம் போனில் கேட்கக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தினேன்.

"எலகூட அசையல கண்ணு. நேராவே வரச் சொல்லு."

அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பொங்கலுக்கு வந்து என் கையால் சாப்பிட்டவன். ஆனால் ஒருவர் விழுந்தால்தானே மற்றவருக்குப் பயம் வரும்? விமானம் கிழக்குச் சரிவில் விழுந்துவிட்டது என்று கேட்டதும் முதல் வேலையாகப் போய் மகளைக் கூட்டிவந்துவிட்டேன்.

இப்போது அவள் வீட்டோடுதான் இருக்கிறாள். காற்றடித்தால் கதவைத் தாழிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்கிறாள். "நாஞ்சொல்லித்தானேங்கப்பா அவன் போனான்" என்று நடுங்குவாள். திடீரென்று கிளம்பிய காற்றுக்கு நீ என்ன செய்வாய் சாமி என்று தலையைத் தடவிக் கொடுப்பேன். சின்னப்பிள்ளை மாதிரி என் மடியிலேயே தூங்கிவிடுவாள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன், ஐயா. அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிந்தால் பிள்ளைக்குப் பயம் தெளிந்துவிடும்.