போலகம் வாய்க்காலும் இரண்டு டைம்பீஸ்களும்

தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் அதிகாரிகளே! போலகத்து விவசாயப் பெருமக்களே! கடிகாரக் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் ஹமீது பாய் அவர்களே!

எனக்கு அழகாகப் பேச வராது. நடந்ததைச் சொல்கிறேன். பத்து நாள் முன்பு காய்ச்சலில் காலமான நீலமேகம் அவர்கள், நம் வாய்க்காலில் நீர்மட்டம் குறித்துவந்தவர். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் கடைசி. நான் இன்ஜினீயர். ஆனால் பிழை செய்தவன் யார்? நான்! கண்டுபிடித்தவர் யார்? நீலமேகம்!

வாய்க்காலின் படுகை தண்ணீரை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்ற உராய்வுக் கணக்கை வைத்துத்தான் கட்டப்போகும் புதுக் கரையின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். அதற்கு, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் நட்ட மேல் அளவுகோலுக்கும், மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கீழ் அளவுகோலுக்கும் நீர்மட்ட வித்தியாசம் தெரிய வேண்டும். நீலமேகம் மேலே பார்த்து எழுதிவிட்டு, நடந்துபோய்க் கீழே பார்ப்பார். நான் கழித்துக்கொள்வேன். மதகு திறந்து தண்ணீர் ஏறுகிற நாளிலும் அப்படியே கழித்தேன்! கோரையும் மணலுமான படுகை, என் தாளில் சிமெண்டுத் தரைபோல வழவழவென்று வந்தது.

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "நான் நடந்து வர்ற முக்கா மணி நேரத்துல ஒரு சாண் ஏறிடுது சார். நீங்க கழிச்சு முடிக்கிற வரைக்கும் தண்ணி நிக்குமா?"

"அளக்கிறது உம்ம வேலை. கணக்கு என் வேலை" என்று சிடுசிடுத்தேன்.

"சரிங்க சார். கரை உடைஞ்சா தண்ணிகிட்டயும் இதையே சொல்லுங்க."

மறுநாளே ஹமீது பாயிடம் இரண்டு டைம்பீஸ் இரவல் வாங்கி, இரண்டையும் ஒரே நேரத்துக்கு வைத்தார். ஒன்று அவரிடம். மற்றொன்று கீழே நின்ற அவர் மனைவி அஞ்சுகம் அம்மாவிடம். கால் மணிக்கு ஒரு தடவை, இரண்டு இடத்திலும் ஒரே நிமிடத்தில் அளவு! தண்ணீர் ஏறும்போது ஒரு பட்டியல், இறங்கும்போது இன்னொன்று. பதினோரு முறை மதகு திறந்தார்கள். ஒரு முறையாவது தவறினாரா? இல்லை! அந்த அளவுகளைப் போட்டுப் பார்த்தபோதுதான், நான் வரைந்த கரை முப்பத்தைந்து சென்டிமீட்டர் குள்ளம் என்று தெரிந்தது. அப்படியே கட்டியிருந்தால் போலகத்து நடவு என்னவாகியிருக்கும்?

திருத்திய வரைபடத்துக்கு ஒப்புதல் இன்னும் வரவில்லை. பன்னிரண்டாவது முறை அளந்ததையும் கொண்டுவா என்கிறார்கள் மேலிடத்தில். நாளை மதகு திறக்கிறது. இன்று காலை அஞ்சுகம் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

"கீழ நான் நின்னுக்குறேன். மேல யாரு நிக்கிறது?" என்றார்.

"பதினாறாம் நாள் காரியம்கூட ஆகலையேம்மா?"

"அது தண்ணிக்குத் தெரியுமா தம்பி?"

நீலமேகம் வீட்டில் பேச்சே அப்படித்தான்! நாளைக் காலை மேல் அளவுகோலில் நான் நிற்பேன். அவர் பிடித்த டைம்பீஸ் என் கையில் இருக்கும். ஹமீது பாய், இரண்டையும் இப்போதைக்குக் கேட்காதீர்கள். கரை எழும்பும்வரை வேண்டும்!