மூணாவது போர்டும் சரியில்லை

"ஹலோ... ஹலோ, கேக்குதா... ஆமா, நான்தான். காலையில ரெண்டு தடவ பேசினேனே, அதே ஆள்தான்... ஆமா, ஆமா, பேசுற பெட்டி செய்யறவர். தம்பி, நேத்து மாத்திக் குடுத்தீங்களே மூணாவது போர்டு, அதுவும் சரியில்ல... நான் எதுக்குப்பா விளையாடறேன்?"

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் திருப்புளியும் மறுகையில் வோல்ட் அளக்கும் மீட்டரின் கம்பியுமாக, மின்னணுச் சாமான் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் புள்ளி. நானூறு பக்கப் புத்தகத்தில் ஒரே ஒரு எழுத்தின் தலையில் புள்ளி விழாமல் போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. மின்னணு வேலை விடுமுறை நாள் பொழுதுபோக்கு. அதிலும் தன்னை யாரும் பிழை சொல்ல முடியாது என்பது அவருடைய எண்ணம்.

"பன்னெண்டு வோல்ட் உள்ள போகணும், அஞ்சு வோல்ட் வெளிய வரணும். வோல்ட்டக் குறைக்கிறது ஒண்ணுதானே அந்தப் போர்டுக்கு வேலை... வருது, அஞ்சு வருது. மீட்டர்ல அஞ்சு புள்ளி பூஜ்யம் ரெண்டு காட்டுது. ஆனா பெட்டிய மாட்டி பட்டன அமுக்கினா, லைட் எரியுது, 'த'ன்னு ஒரு சத்தம் வருது, அப்படியே அணைஞ்சு போயிடுது... 'தண்ணி'ன்னு சொல்லணும். 'த'வோட நின்னுடுது... வோல்ட்டக் கூட்டிக் குறைக்கிற திருகா? இருபது சுத்து சுத்திட்டேன். மொதல்ல பத்து சுத்துக்கு ஒண்ணுமே ஆகாது, அதுக்கப்புறம்தான் இறங்கும்னு நீங்க சொன்னத மறக்கல... அட, உள்ளயும் வெளியயும் மாத்திக் குடுக்க நான் என்ன பச்சக் குழந்தையா?"

அந்த நேரத்தில் அவர் மனைவி வந்து, ஒரு துண்டுச் சீட்டை அவர் முழங்கையருகே வைத்தாள். கழுத்தில் வெள்ளைக் கட்டு. அவர் சீட்டைப் பார்க்காமலே தலையை ஆட்டினார்.

"ஒரு நிமிஷம் தம்பி... இரும்மா, போன்ல இருக்கேன்ல... ம், சொல்லுங்க. எவ்வளவு ஆம்பியர்? இருங்க, குறிச்சுக்கறேன்."

கையில் அகப்பட்டது அந்தச் சீட்டுதான். திருப்பிப் போட்டு அதன் முதுகில் எழுதிக்கொண்டார்.

"ரெண்டு ஆம்பியர்... சரி, சரி. அதெல்லாம் பார்த்துதான் வாங்கினேன். தம்பி, அவசரம் உங்களுக்குப் புரியமாட்டேங்குது. உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? வீட்ல அவங்களுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகி மூணு நாள் ஆகுது. ஒரு மாசத்துக்கு வாயே திறக்கக் கூடாதுன்னுட்டார் டாக்டர். முணுமுணுக்கக்கூடக் கூடாதாம்... எழுதிக் காட்டலாம். எனக்குக் காட்டலாம். மாமாவுக்கு? என் மாமனாருக்குச் சுத்தமா கண்ணு தெரியாது, காது மட்டும்தான். நாளைக்கு என் லீவு முடியுது. நான் கிளம்பிட்டா வீட்ல ரெண்டே பேர். ஒருத்தர் பேச முடியாது, இன்னொருத்தர் பார்க்க முடியாது. 'அப்பா, அங்கயே உக்காருங்க, வரேன்'னு ஒரு வார்த்தை சொல்ல இந்தப் பெட்டி வேணும். அதான் ஆபரேஷனுக்கு முன்னாடியே அவ குரல்லயே எட்டு பட்டனுக்கு எட்டு வாக்கியம் பதிஞ்சு வச்சிருக்கேன்... ஆமா, அவ குரல்லதான். வேற குரல் வந்தா மாமா பயந்துடுவார்."

அடுத்த அறையில் மாமனார் இருமினார். "யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டார். மனைவி போய் அவர் கையில் மெதுவாகத் தட்டினாள். கையில் தட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் பாவம் எப்படித் தெரியும்? மறுபடியும் அதையே கேட்டார்.

"கேட்டுதா தம்பி? காலையிலேர்ந்து இப்படித்தான்."

அவள் திரும்பி வந்து, அவருடைய சாமான் டப்பாவிலிருந்தே ஒரு சதுர பேட்டரியை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் அதை ஓரமாகத் தள்ளினார்.

"டப்பாவக் கலைக்காதன்னு எத்தன தடவ சொல்றது... உங்கள இல்ல தம்பி, நீங்க சொல்லுங்க... போர்டு சுடுதான்னா, சுடல. கருகின வாசனையும் இல்ல... ஓஹோ, தப்பு என் பேர்லயா? மூணு போர்டும் நல்லதா இருந்து நான் மட்டும் மக்கா? ஏன் தம்பி, கையில மீட்டர் இருக்கு. மீட்டர் பொய் சொல்லுமா?"

மனைவி அவர் தோளைத் தொட்டாள். பிறகு தட்டினாள். பிறகு கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

"அட, என்னைக் கொஞ்சம் பேச விடேன்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஆனால் கோபம் அதற்குள் வாசல் தாண்டிவிட்டதே, எதைப் பிடித்து நிறுத்துவது?

"சொல்லப்போனா உங்க கடைச் சாமான் எதுவுமே சொன்ன சொல்லுக்கு நிக்கல தம்பி. போர்டுக்குக் கரண்ட் குடுக்கற அந்த அடாப்டரும்தான். மேல பன்னெண்டு வோல்ட்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, அளந்தா பதினாறே முக்கால்... ஹலோ... ஹலோ, இருக்கீங்களா... ஆமா, பதினாறே முக்கால்... அடாப்டர் அப்படிக் காட்டவே காட்டாதா? காட்டுதே... புது செல் ஒண்ணா? ரிமோட்டுக்கு வாங்கினது இருக்கு. எதுக்கு... சரி, வைக்கறேன். ஒன்றரைதான் காட்டும்... ம்..."

செல்லின் இரு முனையிலும் கம்பியை வைத்தார். கம்பியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார்.

"...ரெண்டு புள்ளி ஒண்ணு காட்டுது தம்பி... ஆமா, புது செல்தான்... மீட்டர்லயா? எந்த மூலையில... இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன்... ஆமா. இருக்கு. சின்னதா ஒரு பேட்டரி படம். மின்னுது... மீட்டரோட பேட்டரி தீர்ந்தா எல்லாத்தையும் கூட்டிக் காட்டுமா... அப்போ அஞ்சுன்னு நான் வச்சது... மூணரைதான் இருந்திருக்குமா... அதான் பெட்டிக்கு மூச்சு பத்தலயா..."

அவர் சீட்டைத் திருப்பினார். 'ரெண்டு ஆம்பியர்' என்று தான் கிறுக்கியதற்கு மறுபக்கத்தில், மனைவியின் உருண்டைக் கையெழுத்தில் ஒரே வரி: 'மீட்டர் மூலையில பேட்டரி படம் மின்னுது, முதல்ல அதை மாத்துங்க.' கீழே இரண்டு கோடு. பிழையே இல்லை. ஓரத்தில் தள்ளிய சதுர பேட்டரி அங்கேயே இருந்தது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்ல தம்பி, லைன்லதான் இருக்கேன்... மாத்தறேன், ஒரு நிமிஷம்... மாத்தியாச்சு. அடாப்டர் இப்போ பன்னெண்டு புள்ளி ஒண்ணு... போர்டுல... மூணு புள்ளி ஆறு. நீங்க சொன்னதுதான்... திருகறேன்... நாலு... நாலரை... அஞ்சு. நின்னுடுச்சு... பெட்டிய மாட்டறேன்."

பட்டனை அமுக்க அவர் விரல் போகுமுன், அவள் கை குறுக்கே வந்தது. ஏழு வாக்கியங்களை அவர் எழுதிக் கொடுத்து அவள் படித்திருந்தாள். எட்டாவதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அவளாகப் பதிந்திருந்தாள். என்னவென்று அவரும் கேட்கவில்லை. அவள் அமுக்கியது அந்த எட்டாவது பட்டன்.

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்களேன்" என்றது பெட்டி, முழுசாக, அவள் குரலில்.

அடுத்த அறையிலிருந்து மாமனார், "நல்லா சொல்லும்மா" என்றார்.

புள்ளி போனைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"...ஆங், கேட்டுதா உங்களுக்கும்... இல்ல தம்பி, நாலாவது போர்டு வேண்டாம். மூணுமே நல்ல போர்டுதான். தப்பா நினைச்சுக்காதீங்க... இல்ல, இல்ல, அப்புறம் கூப்பிடறேன். இப்போ வைக்கறேன். வீட்ல பேசறாங்க."