சினேகா பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள

அட, அந்த முந்தானைய எறக்கு தாயி. கன்னத்த மூடிக்கிட்டே எம்புட்டு நேரந்தான் உக்காந்திருப்ப? காலைல கோயில்ல தாலி கட்டுறப்பவும் அந்தப் பக்கத்த மறைச்சுக்கிட்டுதான் நின்ன. இங்கன யாரு இருக்கா? எந்தம்பி முனியராஜு உங்க ஆளுகள பஸ் ஏத்திவிடச் சாத்தூருக்குப் போயிட்டான். நீயும் நானுந்தான். நாத்தனாகிட்ட என்னத்தா கூச்சம்? மதினின்னு கூப்புடு, போதும்.

காப்பி ஆறிப்போச்சா? குடு, சுட வச்சித் தாரேன். வேணாமா? சரி.

யாரு, சினேகாவா? பள்ளிக்கூட வேன்ல வருவா. அப்பன் கல்யாணத்துக்குப் புள்ளையக் கூட்டிட்டு வருவாகளா? உங்க காரியாபட்டிப் பக்கமும் வழக்கமில்லைல்ல? அதாம் தலையச் சீவி அனுப்பிவிட்டேன். இப்ப வந்துருவா. அவ வர்றதுக்குள்ள உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு எதையும் நேராச் சொல்ல வராது. முத்துப்பேச்சி சாத்தூருக்குப் போகணும்னா மதுரையைச் சுத்திட்டுத்தான் போவான்னு எங்க வீட்டுக்காரரு கேலி பேசுவாரு. நீ பொறுத்துக்கிரணும்.

அந்தப் புள்ள உன்னைய ஏத்துக்கிரணும் வேல்விழி. எனக்கு அது ஒண்ணுதான். இந்த வீட்ட நீ கூட்டுனாலும் சரி, கூட்டாட்டியும் சரி. சமையல் நான் வேணா ரெண்டு வேளை வந்து செஞ்சுட்டுப் போறேன், பின் தெருவுலதான இருக்கேன். அவ உன்னைய வேத்தாளாப் பாத்துறக் கூடாது.

முனியராஜா? அவன் ஒரு தொந்தரவும் குடுக்க மாட்டான். வெடி கம்பெனிகப் பக்கம் எங்கனயாச்சும் வேட்டுச் சத்தம் கேட்டா மட்டும் எந்திரிச்சு வாசல்ல போய் நிப்பான். சாப்பாட்டுல கை வச்சிருந்தாலும் சரி. எந்தத் திசைன்னு பாத்துக்கிட்டே நிப்பான். நீ ஒண்ணுங் கேக்காத. உங்க ஊருலயும் அப்படித்தான? நம்ம ஆளுக வேலை பாக்குற பக்கமில்லைன்னா மனசு ஒரு நிமிசம் குளுந்து போகும். பெறகு நெனச்சா வெக்கமா இருக்கும், அங்கயும் எவளோ ஒருத்தி புள்ள குட்டியோடதான வேலைக்குப் போயிருப்பான்னு. நான் எத்தனையோ தடவ அப்படிக் குளுந்திருக்கேன். ஒரு தடவ மட்டும் சத்தம் நம்ம பக்கத்துல இருந்தே வந்துருச்சு.

என்ன செவத்தையே பாக்குற? பாண்டிலட்சுமி போட்டோவத் தேடுறியா? பீரோவுக்குள்ள இருக்கு, துணிக்கு அடியில. மாலை போடல, வெளக்கு ஏத்தல. தெவசமும் எங்க வீட்டுலதான் கும்புடுறோம், கதவச் சாத்திக்கிட்டு. சேச்சே, மூத்தவ மேல கோவம் இல்ல தாயி. தங்கமான பொம்பள. எங்கூடச் சண்டை போடுவா, மறுநாளே குளம்பு குடுத்துவிடுவா. அவ போன பெறகு எனக்குச் சண்டை போட ஆளில்ல, அம்புட்டுதான் சொல்லுவேன்.

ஆஸ்பத்திரியில சுத்திக் கட்டித்தான் குடுத்தாக. மொகத்தத் தொறக்காதீகன்னாக. நான் கேக்காமத் தொறந்து பாத்தேன். வேணாம், அதை விடு. வீட்டுக்குக் கொண்டுவரல, நேராச் சுடுகாட்டுக்குக் கொண்டு போயிட்டாக. சினேகாவ எங்க வீட்டுல விட்டிருந்தோம், பால்வாடி போற வயசு. நான் தல முழுகிட்டு ஈரச் சேலையோட உள்ள வாரேன், அத்தை, அம்மா எங்கன்னு கேக்குறா. காலைல இருந்து ஒரு வாய் சாப்புடல அவ.

எனக்கு வாய்ல என்ன வந்துச்சு தெரியுமா? மேலத் தெருவுல முருகம்மான்னு ஒருத்தி. அவளும் வெடி கம்பெனில வெந்தவதான். மாசக்கணக்கா மதுரை ஆஸ்பத்திரியில கெடந்து, தொடைத் தோல எடுத்து மொகத்துல வச்சு, வேற ஆளாட்டம் வந்து எறங்குனா. பெத்த மகன் பாத்துட்டு, இது எங்கம்மா இல்லைன்னு கத்திக்கிட்டு ஓடுனான். தெருவே நின்னு பாத்துச்சு, சினேகாவும் எந்தோள்ல இருந்து பாத்தா. அந்த நெனப்புதான் வந்துச்சு எனக்கு. உங்கம்மாவும் முருகம்மா அத்தை மாதிரி மதுரை ஆஸ்பத்திரியில இருக்கா, மொகம் மாறித்தான் வருவா, நாளாகும், நீ சாப்புடுன்னேன். சாப்புட்டா.

அன்னைக்குச் சோறு எறங்கட்டும்னு சொன்னது தாயி. நாளைக்குச் சொல்லிக்கிருவோம், நாளைக்குச் சொல்லிக்கிருவோம்னு இப்ப ரெண்டாங் கிளாஸ் வந்துட்டா.

ஊருல ஒருத்தரும் வாயத் தொறக்கலையே! அதை நெனச்சாத்தான் எனக்கே பயமா இருக்கு. டீச்சருகூட, அம்மாவுக்கு எப்படி இருக்காம் சினேகான்னு கேக்குறாகளாம். மருமக செத்தா மாமியா குறை சொல்ற ஊரு இது, இதுல மட்டும் அம்புட்டுப் பேரும் ஒண்ணாச் சேந்துக்கிட்டாக. எல்லா வீட்டுலயும் இப்படி வெந்ததோ செத்ததோ ஒண்ணு இருக்கு, யாரு யாரச் சொல்ல? நான் போட்டோவ உள்ள வச்சதும் அதுக்குத்தான். பளைய மொகம் அவளுக்குக் கொஞ்சங் கொஞ்சமா மறக்கட்டும்னு.

நீ ஏன் இப்படிப் பாக்குற?

கேளு. இந்தப் புள்ள பள்ளிக்கூடம் இல்லாத நாளைக்கு முருகம்மா வீட்டுக்குப் போகும். அத்தை, ஒங்க மொகத்தத் தொட்டுப் பாத்துக்கிறவான்னு கேக்கும். அவளும் குனிஞ்சு காட்டுவா. எதுக்கு பாப்பான்னா, பளகிக்கிறேன் அத்தை, எங்கம்மா வரும்போது உங்க வீட்டு அண்ணன் மாதிரி நான் ஓடக் கூடாதுல்லங்கும். முருகம்மா எங்கிட்ட வந்து சொல்லி அளுதா. நான் அளல. எப்ப வருவா, எப்ப வருவான்னு கேக்குற புள்ளைக்கு நான் யாரக் கொண்டாந்து காட்டுவேன்?

உங்க மத்தாப்புக் கம்பெனில தீப்புடிச்சு வெந்த பொண்ண முனியராஜு கட்டுறான், எம்புட்டுப் பெரிய மனசுன்னு காலைல கோயில்லயே பேசுனாக. உங்கம்மா எங்கையப் புடிச்சுக்கிட்டு அளுதாக, எங்குலத்த வாழ வச்சீகன்னு. எனக்கு நெஞ்செல்லாம் எரிஞ்சுச்சு. பெரிய மனசுமில்ல, ஒரு எளவுமில்ல. வெந்த தழும்பு இல்லாத பொண்ணுக ரெண்டு மூணு வந்துச்சு. நாந்தான் வேணாம்னேன். தரகரு உம்போட்டோவ வேண்டா வெறுப்பா நீட்டுனாரு. அந்தக் கன்னத்தப் பாத்தேன். இவதான்னுட்டேன்.

இல்ல, முனியராஜு கேக்கல. ஒரு வார்த்தை ஏன்க்கான்னு கேக்கல. அவனுக்கும் தெரியும்னுதான் நெனைக்கேன். புள்ளகிட்டச் சொல்லிட்டேன், அம்மா இன்னைக்கு வாரான்னு.

திட்டு. எம்புட்டு வேணாலும் திட்டு, நான் வாங்கிக்கிறேன். உன் பேரயே இந்த வீட்டுல கூப்புடப் போறதில்லைங்கறது எனக்குத் தெரியாதா? பாவந்தான். கொரலு வேறயா இருக்கேன்னு நெனைக்காத, பொகை போயித் தொண்டை மாறியிருக்கும்னும் சொல்லி வச்சிருக்கேன்.

அந்தா, வேன் வந்துருச்சு.

எந்திரிச்சுட்ட? பின்வாசல் அந்தப் பக்கம் தாயி. போறதுன்னாப் போ, நான் மறிக்கல. முனியராஜுகிட்ட நான் சொல்லிக்கிறேன். அந்தப் புள்ளகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல.

முன்வாசலுக்கா போற?

ஏத்தா, ஒண்ணு, ஒரே ஒண்ணு. ஓடிவந்தா கைய நீட்டித் தூக்கிறாத. பாண்டிலட்சுமி வேலை விட்டு வந்ததும் புள்ளயத் தொடமாட்டா, கையி பூராம் வெடிமருந்தா இருக்கும்ல, குளிச்சிட்டுத்தான் தூக்குவா. அதுவரைக்கும் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு, குனிஞ்சு மொகத்த மட்டும் நீட்டுவா. புள்ளதான் வந்து முத்தம் குடுக்கும்.