இருட்டிலும் அப்பாவைத் தெரியும் கேமரா

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் ரெண்டு பேர், கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை. கண்ணாடி போட்டவர் திடீரென்று சொன்னார்:

“மட்டமான கேமராவா பாத்து வாங்கியிருக்கணும் மச்சான்.”

“இன்னாத்துக்கு?”

“அப்பா லேப்டாப்புக்கு. லினக்ஸ் போட்டுக் குடுத்தேன்ல, பாஸ்வேர்டு தினம் மறந்துடுவாரு. காலைல ஏழு மணிக்கு டாண்ணு போன் வரும், ‘இன்னாடா அது?’ன்னு. ஒரே பேஜாரு.”

“கைரேகை வெச்சிருக்கலாமே?”

“பேரணாம்பட்டு தோல் டேனரில முப்பது வருஷம் சுண்ணாம்புத் தொட்டில வேல செஞ்ச கை. ரேகையே விழல. சரி, மூஞ்சியக் காட்டித் தொறக்கட்டும்னு சாதா கேமரா வெச்சேன். வெளிச்சம் கம்மியானா அவருக்குத் தொறக்கல. ஆனா அவரு போட்டோவத் தம்பி காட்டுனா தொறந்துக்குது.”

“அய்யய்யோ!”

“அப்புறம் பத்து நாள் தேடி, லினக்ஸ்ல ஓடுற இன்ஃப்ராரெட் கேமராவா வாங்கிக் குடுத்தேன். போட்டோக்கெல்லாம் ஏமாறாது. கரண்டு போனாக்கூட இருட்டுல அவரக் கண்டுபுடிச்சிடுது.”

“நல்லதுதானே?”

“ரெண்டு மாசமா போனே வர்ல.”

பஸ் பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டியது.

“நீ பண்ண வேண்டியதுதானே?”

“பண்ணேன். ‘கம்ப்யூட்டரு நல்லாத்தாண்டா இருக்குது, வேற இன்னா?’ன்னாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“சரிப்பான்னு வெச்சிட்டேன்.”