ஆறு சிலிண்டர் வண்டி பாக்க வந்த டீச்சர்

...அதான் டீச்சர், அந்த ஆறு சிலிண்டர் பேச்சக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போச்சு. பேரீச்சம்பழம் எடுத்துக்கங்க. அவரு தொழுதுட்டு வந்துருவாரு, வந்து ஓட்டிக் காட்டுவாரு. முற்றத்துல நிக்குதே, அதான் விக்கிற வண்டி. பளபளன்னு இருக்கில்ல? இருக்கும்... காலையிலேர்ந்து அதுக்குத்தான் குளியல். பெத்த பிள்ளைங்கள ஒரு நாள் குளிப்பாட்டினதில்ல என் வீட்டுக்காரரு ஹிம்யர்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், என் கொழுந்தன் கல்ஃபான். அவன் ஒரு பழைய வண்டி வாங்கினான், நாலு சிலிண்டர். ஆயில் மாத்த நாள் தவறமாட்டான், குழந்த மாதிரி வச்சிருந்தான். இவருக்குப் பொறுக்கல. தையல் மெஷின்னு பேரு வச்சாரு. துக்கம் கேக்க மய்யித்து வீட்டுக்குப் போனாலும் அதே பேச்சு. ஜபல் அக்தர் மலை ஏத்தத்துல நாலு சிலிண்டர் மூச்சு வாங்குமாம், ஆறுதான் ஆம்பள வண்டியாம். போயி இத வாங்கிட்டு வந்தாரு. பானெட்டத் தூக்கி எஞ்சினப் பாத்தாரா? சத்தத்தக் கேட்டாராம், சிங்கம் மாதிரி இருந்துச்சாம். வாங்கிட்டாரு.

அப்பறம் பெருநாளுக்கு மறுநாள், மலைமேல இருக்கற நாத்தனா ஸுவைனாவுக்கு நாளுக்கு முன்னாலயே பிரசவ வலி வந்துருச்சு. புருஷன் ஊர்ல இல்ல. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கெளம்பினாங்க. இவரு, தையல் மெஷின நம்பினா பிள்ள பள்ளிக்கூடம் போற வயசாயிரும்னு சொல்லிட்டு, என்னையும் ஏத்திக்கிட்டு முன்னால பறந்தாரு. பாதி ஏத்தம்... புகை. ரேடியேட்டர் தண்ணி கொதிச்சு வண்டி நின்னுபோச்சு. பின்னாலயே கல்ஃபான் வந்தான், ஏசிய அணைச்சு, ஜன்னலத் தொறந்து, உர்ருன்னு மிதிச்சுக்கிட்டு. ஏறுங்கண்ணேன்னான். ஏறுவாரா? அவன் மேல போயிட்டான். இவரு குடிக்கிற தண்ணியெல்லாம் ஊத்தி, கொஞ்சங்கூட ஆறவிடாம மறுபடி முடுக்கினாரு. மறுபடியும் கொதிச்சுது.

கல்ஃபான் அவள ஏத்திக்கிட்டுத் திரும்பி வரைல, நாங்க வெயில்ல காலி கேனோட நிக்கறோம். அவதான் வண்டிய நிறுத்தச் சொன்னா. பல்லக் கடிச்சுக்கிட்டு, "அண்ணே, உன் வீம்புக்காக என் பிள்ள காத்துக்கிட்டு இருக்காது. ஏறு"ன்னா. கடைசில, அவ துணி மூட்டைங்களுக்கு நடுவுல குந்திக்கிட்டு வந்தாரு. மலைக்குக் கீழ நிஸ்வா ஆஸ்பத்திரிக்குள்ள போன கொஞ்ச நேரத்துல பொண்ணு பொறந்துச்சு. நான் அழுதுக்கிட்டிருக்கேன், இவரு வாசல்ல நின்னு பெட்ரோல் சரியில்லன்னு யார்கிட்டயோ சொல்லிட்டிருக்காரு.

ஆறு மட்டம்னு சொல்லல டீச்சர். நல்லா வச்சிருந்த ஆறுன்னா அந்த ஏத்தத்துல பாட்டுக் கேட்டுக்கிட்டே போகலாம், பெட்ரோல்தான் குடிக்கும். நாலுன்னா அழுத்தி மிதிக்கணும், கத்தும், ஆனா போய்ச் சேரும். பழசு வாங்கைல சிலிண்டர எண்ணி என்ன செய்ய? எஞ்சின் எப்பவாச்சும் கொதிச்சுதான்னு கேக்கணும். இது கொதிச்சது, மெக்கானிக் பூசி மெழுகிக் குடுத்திருக்கான். மலைமேல பள்ளிக்கூடத்துல வேலை, தினம் ஏறி எறங்கணும்னு நீங்க போன்ல சொன்னப்பகூட இந்த மனுஷன் வாயத் தொறக்கலியே...

என்ன, செருப்ப மாட்றீங்க? காவா காப்பி ஆறுதே... சரி. சரிம்மா, பாத்துப் போங்க.

...தொழுதுட்டு வந்துட்டீங்களா? டீச்சர் போயிட்டாங்க. ஏன்னு எனக்கென்ன தெரியும். நானா? வண்டியப் பத்தி நான் என்னத்தக் கண்டேன்... பொம்பளைங்க பேச்சுதான். உங்க தங்கச்சி பிரசவத்தப் பத்திப் பேசிட்டிருந்தோம்.