மூக்கன், அஞ்சாம் பாகம்

கடைக்காரர்: பூனைத் தொடர் வேண்டாம்னீங்க. இந்த முயல் கதைப் புத்தகத்துக்கு என்ன சார் குறை?

அப்பா: அட்டையிலேயே ஒரு நரி நிக்குது மேடம்.

கடைக்காரர்: அது சும்மா வேடிக்கை பார்க்குது. சரி, கிளி?

அப்பா: மூணாம் பாகத்துல பறந்து போயிடுது.

கடைக்காரர்: நாலாம் பாகத்துல திரும்பி வந்துடும் சார்!

அப்பா: வரலைன்னா? என் பொண்ணுக்கு எட்டு வயசுங்க. வளர்க்குற பிராணி சாகக் கூடாது, காணாமப் போகக் கூடாது. அவ்வளவுதான்.

கடைக்காரர்: மாப்பிள்ளை பார்க்குறவங்ககூட இப்படி அலச மாட்டாங்க... மீன்?

அப்பா: மீனா! ரெண்டாம் அத்தியாயம் தாண்டாதுங்க.

கடைக்காரர்: அப்ப ஆமை. பன்னிரண்டு பாகம். சாகவே சாகாது.

மகள்: அதைப் படிச்சாச்சு ஆன்ட்டி. நாலு பாகம் முடிஞ்சும் இன்னும் தோட்டத்தையே தாண்டல.

அப்பா: நிதானமான கதை. நல்லதுதானே?

மகள்: எனக்கு மூக்கன்தான் வேணும். அஞ்சாம் பாகம்.

அப்பா: அது யாரு மூக்கன்?

மகள்: நாய். ஷூவெல்லாம் திங்கும்.

கடைக்காரர்: பாப்பா... அதுல பத்து வயசுக்கு மேலன்னு போட்டிருக்கே.

மகள்: போட்டிருக்கட்டும். எங்க வீட்டுல யாருக்குமே பத்து ஆகலையா என்ன?

கடைக்காரர்: வயசு எட்டு, வாய்க்கு மட்டும் இருபது!

அப்பா: குடுங்க, பார்ப்போம்.

கடைக்காரர்: என்ன சார், நேரா கடைசிப் பக்கத்தைத் திறக்குறீங்க?

மகள்: அப்பா எப்பவும் அப்படித்தான். கடைசிப் பக்கத்துல உயிரோட இருந்தாத்தான் வாங்குவார்.

கடைக்காரர்: அடடா... சார், இதுல நடுவுல...

மகள்: ஆன்ட்டி! உங்க தோள்மேல பல்லி!

கடைக்காரர்: ஐயையோ! எங்கே, எங்கே?

அப்பா: "செருப்பைக் கவ்விக்கொண்டு, வாலை ஆட்டியபடி ஓடினான்." ம்... நல்லாத்தான் இருக்கான்.

கடைக்காரர்: பல்லியே இல்லையே, பாப்பா?

மகள்: பயந்து ஓடிடுச்சு ஆன்ட்டி.

அப்பா: இதையே பில் போட்டுடுங்க.

கடைக்காரர்: சார்... இவ அம்மாவை ஒரு தடவை முழுசாப் படிக்கச் சொல்லுங்களேன். அப்புறம் வாங்கிக்கலாம்.

அப்பா: அவ... இல்லைங்க. போன வருஷம்.

கடைக்காரர்: ஐயோ. தெரியாமக் கேட்டுட்டேன். அப்ப இந்தப் புத்தகம் வேண்டவே வேண்டாம் சார்.

அப்பா: ஏங்க? நாய்தான் கடைசியில துள்ளிக் குதிக்குதே?

கடைக்காரர்: பாப்பா, நீயே சொல்லிடும்மா. உனக்குத் தெரிஞ்சிருக்கு.

மகள்: ...அது மூக்கன் இல்லப்பா. அதோட குட்டி. மூக்கன் நடுவுலயே செத்துடும்.

அப்பா: உனக்கெப்படித் தெரியும்?

மகள்: பள்ளிக்கூட லைப்ரரில படிச்சேன். மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். டீச்சரோட கைக்குட்டையே வீணாப் போச்சு.

அப்பா: நான் கடைசிப் பக்கம் மட்டும்தான் பார்ப்பேன்னு தெரிஞ்சே...

மகள்: தெரிஞ்சுதான்.

அப்பா: அழுது முடிச்சாச்சுல்ல? மறுபடியும் எதுக்குடி அதே புத்தகம்?

மகள்: எனக்கு இல்லப்பா, உனக்கு. நீதான் அம்மாவுக்கு இன்னும் அழவே இல்லையே... உனக்குப் பத்து வயசு ஆயிடுச்சுல்ல?