மேய்ச்சலுக்குப் போன குதிரை

சூப்பிரண்டு: ...இப்பதான் சார் மேய்ச்சலுக்குப் போச்சு. கொஞ்சம் முன்னால வந்திருந்தா பாத்திருக்கலாம்.

வந்தவர்: லாயம் முழுக்க ஒட்டடை தொங்குதேய்யா?

சூப்பிரண்டு: சாதுவான குதிரை சார். எதையும் கலைக்காது.

டைப்பிஸ்ட்: ஒட்டடைன்னா அதுக்கு உயிரு!

வந்தவர்: நீங்க யாரும்மா?

டைப்பிஸ்ட்: குதிரைப் பிரிவு டைப்பிஸ்ட் சார். குதிரை நலமா இருக்குன்னு மாசாமாசம் அடிச்சு மேல அனுப்புறது நான்தான்.

வந்தவர்: நான் யாருன்னு தெரியுமில்ல?

சூப்பிரண்டு: தெரியாமலா! மூணாவது மாடி... வேண்டாத பிரிவுகளை மூடுற பிரிவு. விளக்கேத்துற பிரிவை மூடினீங்க, மணியடிக்கிற பிரிவை மூடினீங்க. உங்க செருப்புச் சத்தம் கேட்டா நாற்காலியெல்லாம் நடுங்குதாமே.

வந்தவர்: அப்ப எதுக்கு வந்திருக்கேன்னும் தெரியும்.

சூப்பிரண்டு: தெரியும் சார். இதை மூடினா என்னைத் தூக்கிப் பழைய கோப்பு அறையில போடுவாங்க. எனக்கோ ஆஸ்துமா. அந்தத் தூசியில ரிடையர் ஆகறதுக்கு முன்னாடியே...

வந்தவர்: அழாதீங்க. தலைமைச் செயலகத்துக்குக் குதிரை எதுக்கு? அதைச் சொல்லுங்க.

சூப்பிரண்டு: என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க! மந்திரி வாயில வர்றதை ஆணையா எழுதி ஊர் ஊரா அனுப்பத்தானே இந்தச் செயலகமே இருக்கு? ஆதியில அதெல்லாம் குதிரை மேலதான் போச்சு.

வந்தவர்: இப்ப கம்ப்யூட்டர்ல போகுதே.

சூப்பிரண்டு: போகுது சார்... குதிரையில போனப்ப போய்ச் சேர்ந்துச்சு.

வந்தவர்: பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா குதிரை வாங்கச் சந்தைக்கு வந்தவன் பல்லைப் பிடிச்சுப் பாக்காமப் போக மாட்டான். குதிரை செத்துப்போச்சா, இல்லையா?

சூப்பிரண்டு: அபசகுனமா பேசாதீங்க சார்...

டைப்பிஸ்ட்: என் கல்யாணத்துக்கு முன்னாலயே...

சூப்பிரண்டு: அம்மா!

டைப்பிஸ்ட்: ...இருமல் இருந்துச்சுன்னு சொல்ல வந்தேன்.

வந்தவர்: உங்களுக்குப் பேரப்பிள்ளையே இருக்கும் போலிருக்கேம்மா!

டைப்பிஸ்ட்: ரெண்டு சார்.

சூப்பிரண்டு: சரி சார்... செத்துப்போச்சுன்னே வச்சுக்குவோம். அதைச் சொல்ல வேண்டியது யாரு? செயலகத்துக் குதிரை டாக்டர். அவர் கையெழுத்து இல்லாம இங்க எந்தக் குதிரையும் சாக முடியாது.

வந்தவர்: கூப்பிடுங்க அவரை.

சூப்பிரண்டு: அந்தப் பதவியை மூடினதே நீங்கதானே!

வந்தவர்: நானா? எந்த ஆணையில?

டைப்பிஸ்ட்: அந்த ஆணையை அடிச்சதும் நான்தான் சார்.

வந்தவர்: அப்ப இந்தக் குதிரைக்குச் சாவே கிடையாது?

சூப்பிரண்டு: உங்க புண்ணியத்துல.

வந்தவர்: ம்ம்... நேத்தே செயலாளர் கேட்டாரு, இன்னும் ஏன் அந்தக் குதிரையை விட்டு வச்சிருக்கேன்னு.

சூப்பிரண்டு: அவ்வளவுதான். அம்மா, என் வாயில அடிக்கிற ஆஸ்துமா மருந்தை எடுங்க. பழைய கோப்பு அறைக்கு இப்பவே போயிடறேன்.

வந்தவர்: உக்காருங்கய்யா! நான் சொல்லப்போறது இந்த அறையைத் தாண்டிப் போகாதே?

சூப்பிரண்டு: செத்த குதிரையையே இத்தனை வருஷம் வெளிய விடலையே சார்.

வந்தவர்: கதவைச் சாத்துங்கம்மா... மத்ததெல்லாம் மூடியாச்சு, மிச்சம் இருக்கறது நீங்க மட்டும்தான். உங்களை மூடினா மறுநாளே எங்க பிரிவுக்கும் பூட்டு. அப்புறம் அந்தக் கோப்பு அறையில உங்க பக்கத்து நாற்காலி எனக்குத்தான், எனக்கும் ஆஸ்துமா. குதிரையைக் கண்ணால பாத்தேன், துணையில்லாம ஏங்குதுன்னு எழுதறேன். ஒரு ஜோடி சேக்க ஆணை வாங்குங்க... குட்டி போட்டதும் அதுக்குத் தனிப் பிரிவு திறங்க, மூடறதுக்கு நான் வர்றேன்.